பல்லாவரத்துக் கல்லைக் கண்ட புரூஸ் பூட்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் நம்மவர் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. ஆயினும் இந்திய தேசத்தின் பழஞ்சரித்திரத்தைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னோக்கி நீட்டிய கல்லொன்று அகப்பட்ட இடம் பல்லாவரமே என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. அக்கல்லைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர். நிலவியல் என்று இந்நாளில் வழங்கும் பூகர்ப்ப சாஸ்திரத்தைப் பிள்ளைகள் பயில விரும்பினால், கல் பொறுக்குவதற்கு ஒரு படிப்பா என்று கேட்கும் பெற்றோர் உளர். அவர்கட்கு இப்பெரியாரின் சரித்திரம் தக்க விடையாகுமென்று கருதி ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

பூட் 1834-ஆம் ஆண்டில் பிறந்தார். 1851-இல் தோன்றிய இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் 1858-ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ந்து, சென்னை ராஜதானியில் பணியேற்றார். ஊர் ஊராகச் சென்று பாறைகளின் வகையையும் வரிசையையும் ஆராய்ந்து படமெழுதுவதே அவரது உத்தியோகம்.

1859-ஆம் ஆண்டில் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், பிரான்சு தேசத்து ஆற்றுச் சரளையில் அழிந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்த கற்கருவிகள் மனிதர் கையால் ஆனவையே என்று நிலைநாட்டினர். இச்செய்தி பூட்டின் உள்ளத்தில் ஊன்றி நின்றது. அத்தகைய கருவிகள் இந்நாட்டிலும் இருத்தல் கூடும் என்னும் எண்ணத்தோடு அவர் நிலத்தை நோக்கலானார்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலில், சரளை எடுப்பதற்காக வெட்டிய சிறு குழியொன்றில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. குழி வெட்டியவர்க்கு அது சரளையோடு சரளை. பூட்டுக்கோ, அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி. பல்லாவரத்துக் குன்றுகள் பிற்காலத்தில் ஹாலந்து என்பவரால் சார்னோகைட் எனப் பெயரிடப்பட்ட கரும்பாறையால் ஆனவை. இக்கல்லோ குவார்ட்சைட் என்னும் வேறு இனத்தது. கல்லின் இனம், அதன் வடிவம், அது கிடந்த செம்புரைப் படிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் கல்வி பெற்ற கண் வேண்டும் அன்றோ?

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் வில்லியம் கிங் என்னும் தம் இலாகா நண்பரோடு கொற்றலை ஆற்றுப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். ஆண்டுகளை எண்ணிச் சொல்லும் சாதனம் அக்காலத்தில் இல்லை. அத்திரம்பாக்கத்துப் பழங்கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி புலப்படுத்திற்று.

சர்க்கார் வேலைக்குக் குறைவு நேராமலே பூட் தம் தேட்டத்தையும் வாழ்நாள் முழுதும் நடத்தினார். கர்நூல் பக்கத்துப் பில்லசுர்க்கம் குகைகளில் அவரும் அவர் குமாரரும் ஆராய்ந்தனர். 1891-இல் ஓய்வு பெற்ற பின்னரும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணிபுரிந்தார். ஏற்காட்டில் இல்லம் அமைத்துக்கொண்டார். அவர் சேர்த்த பொருட்கள் 1904-இல் சென்னை அரசாங்கத்தின் வசமாகி, எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையை அடைந்தன. 1912-இல் அவர் காலமானார்.

இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. பூட் கண்ட சரளை நிலம் இன்று வீடுகளாலும் சாலைகளாலும் பெரிதும் மூடப்பட்டுவிட்டது. கடைக்காலுக்குத் தோண்டும்பொழுது வெளிவரும் கல்லை இன்னதென்று அறியும் கண்கள் நம் வீடுகளில் இல்லையேல், எஞ்சியதும் லாரி ஏறிப் போய்விடும். அன்றியும், கரும்பாறை நிலத்தில் நீர் சிதைந்த மேற்பகுதியிலும் பிளவுகளிலும் மட்டுமே தங்கும். இதனை ஆராயாமல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிப் பொருளை இழப்போர் பலர். ஆதலின் இக்கல்வி பழமைக்கு மட்டுமன்று, குடிநீருக்கும் உதவுவது.

சென்னை மாநிலக் கல்லூரியிலும், கிண்டியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்திலும் இச்சாஸ்திரத்திற்குத் துறைகள் உள. பூட் பணிபுரிந்த அதே இலாகாவிற்கு மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்தி ஆட்களைத் தெரிந்தெடுக்கின்றது. வைத்தியமும் இயந்திர சாஸ்திரமும் நன்றே. ஆயினும், கல்லைக் கையிலெடுத்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் சிறுவனையோ சிறுமியையோ வேறு வழியில் திருப்பாதிருக்குமாறு நம் அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கின்றோம்.