மகேந்திரவர்மனும் அவனது நகை நாடகமும்

சிறுசேரி வழியே மாமல்லபுரம் செல்வோர் மாமல்லன் புகழையே பேசுவர். அவனைப் பெற்ற தந்தையை நினைப்பார் சிலரே. செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரைக் கோயிலிலோ, குணபரன் என்னும் தந்தையின் விருதுப்பெயர் இன்றும் கல்லில் நின்று விளங்குகின்றது. அவனே முதலாம் மகேந்திரவர்மன்.

சிங்கவிஷ்ணுவின் மைந்தனாகிய இவன் ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டான். செங்கலும் மரமும் உலோகமும் சுதையுமின்றி மூவர்க்கும் கோயில் எடுத்ததை மண்டகப்பட்டில் பொறித்து வைத்தான். சமணம் சார்ந்திருந்து பின்னர்ச் சைவம் புகுந்தான் என்பது அறிஞர் பலர் கொள்கை. இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தபோது காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கும் இடுக்கணும் இவனுக்கு நேர்ந்தது.

எனினும், இவன் பெருமை வாளினும் எழுத்தாணியிலேயே மிகுதி என்போம். வடமொழியில் இவன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகை நாடகம் காஞ்சித் தெருவிலேயே நிகழ்வது. கட்குடியனான காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழக்கின்றான். உணவும் உடையும் வழங்கிய புத்தர் கள்ளை ஏன் விலக்கினார் என உள்ளூர ஏங்கும் பிக்கு ஒருவன்மீது பழி சுமத்துகின்றான். பாசுபதன் வழக்குத் தீர்க்க வந்து குழப்பத்தை வளர்க்கின்றான். பிக்கு நியாயமன்றத்தாரைப் பொருளால் வசப்படுத்துவான் எனக் காபாலிகனின் துணைவி அஞ்சுகின்றாள். முடிவில் கபாலத்தைக் கவர்ந்தது நாய் என்பதும், அதை மீட்டவன் பித்தன் என்பதும் வெளியாகின்றன. உண்மையைக் கொணர்ந்தவன் பித்தன் ஒருவனே!

அரசனே தன் மன்றத்தின் கைக்கூலியை நாடகத்தில் வைத்தானெனின், அவன் நெஞ்சுரம் வியத்தற்குரியதன்றோ? கேரளக் கூத்தரங்குகளில் உயிர்வாழ்ந்த இந்நூல் 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது.

இதனைத் தமிழாக்கி நம் கல்லூரி அரங்கில் நடித்தல் வேண்டும் என்பது எம் அவா. ஆயின் ஓர் ஐயம் எம்மைத் தடுக்கின்றது. கிறிஸ்தவராகிய யாம் காபாலிகன் வேடமும் பிக்கு வேடமும் பூண்டு நகைப்பின், அது பிறர் சமயத்தை நகைப்பதாக முடியாதோ? மகேந்திரன் நகைத்ததோ தன் நகரை, தன் மன்றத்தை. ஆதலின் யாமும் கதைப்போக்கை மட்டும் கொண்டு, வேடங்களை எம்மிடையினின்றே எடுத்தல் முறை. ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்து அயலானுக்குக் கதவடைப்போனும், மதுவிலக்குப் பேசி மறைவில் அருந்துவோனும், தேர்வில் பார்த்தெழுதி ஒழுக்கம் பேசும் மாணவனும் அரங்கேறட்டும். அவருள் எம்மையும் காண்போமாயின், அவ்வேந்தனின் நாடகத்தை உள்ளவாறு நடித்தவராவோம்.