கழுதையோடு போர்க்களத்தில் நடந்தவர்... வெறும் 24 நாட்களில் ஆஸ்திரேலியாவின் நாயகனான ஜான் சிம்ப்சன் யார்?

துப்பாக்கி தூக்கவில்லை. எதிரி ஒருவரைக்கூட சுடவில்லை. ராணுவத்தில் பெரிய பதவியும் இல்லை, சாதாரண சிப்பாய்தான். போர்க்களத்தில் இருந்ததும் 24 நாட்கள் மட்டுமே. ஆனால் ஆஸ்திரேலியாவில் அவருக்கு சிலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது. 1996-ல் வெளியான 100 டாலர் நோட்டிலும் அவர் உருவம் இடம்பெற்றது. பக்கத்திலேயே ஒரு கழுதையும் நிற்கும்.

அவர்தான் ஜான் சிம்ப்சன் கிர்க்பேட்ரிக். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவின் 3-வது ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தவர். இத்தனை புகழ் இருந்தும், வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஏன்?

கடற்கரையில் கழுதை ஓட்டிய சிறுவன்

ஆஸ்திரேலியாவின் அடையாளமாகிவிட்ட இவர் ஆஸ்திரேலியரே இல்லை என்பதுதான் முதல் ஆச்சரியம். 1892 ஜூலை 6-ம் தேதி இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். வசதியில்லாத குடும்பம். கோடை விடுமுறை வந்தால், கடற்கரைக்கு வரும் குழந்தைகளைக் கழுதை மேல் உட்காரவைத்து சுற்றிக்காட்டும் வேலைக்குப் போவான் சிறுவன் ஜான். நம்ம மெரினாவில் குதிரை சவாரி மாதிரி, அங்கே கழுதை சவாரி. கழுதையை எப்படிப் பழக்குவது, எங்கே தட்டிக்கொடுத்தால் நகரும் என்பதெல்லாம் அங்கே கற்றதுதான்.

1909-ல் அப்பா இறந்தபிறகு ஜானும் வணிகக் கப்பலில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1910 மே மாதம், ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடிவிட்டார். அதன்பிறகு கையில் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டினார், நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார், கடலோரக் கப்பல்களில் அடுப்புக்கு கரி அள்ளிப் போட்டார். என்ன வேலை பார்த்தாலும் ஒன்றை மட்டும் விடவில்லை. ஊரில் இருந்த அம்மாவுக்குப் பணம் அனுப்பினார், கடிதமும் எழுதினார். அந்தக் கடிதங்களில் ஒன்றில், இங்கிலாந்தில் ஒரு புரட்சி வந்து பணக்காரர்களையும் பிரபுக்களையும் துடைத்தெறிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பாடப்புத்தகத்து சிம்ப்சனில் இந்தப் பக்கத்தை அதிகம் பார்க்க முடியாது.

ஊருக்குப் போகத்தான் ராணுவத்தில் சேர்ந்தாரா?

1914 ஆகஸ்ட்டில் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே மேற்கு ஆஸ்திரேலியாவில் ராணுவத்தில் பெயர் கொடுத்தார். கிர்க்பேட்ரிக் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு, அம்மாவின் குடும்பப் பெயரான சிம்ப்சனை மட்டும் போட்டுக்கொண்டார். கப்பலில் இருந்து ஓடிய விவகாரம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். ஆஸ்திரேலியப் படைகள் பயிற்சிக்கு இங்கிலாந்து போகும், அப்படியே அம்மாவைப் பார்த்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் படை எகிப்தில் இறக்கிவிடப்பட்டது. இங்கிலாந்து போகவே இல்லை.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஆம்புலன்ஸ் என்றதும் நமக்கு சைரன் வைத்த வண்டிதான் ஞாபகம் வரும். ராணுவத்தில் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது வண்டி அல்ல, ஒரு மருத்துவப் படைப்பிரிவு. சண்டை நடக்கும் இடத்திலிருந்து காயம்பட்டவர்களை எடுத்துவந்து, முதலுதவி கொடுத்து, பின்னால் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. சிம்ப்சன் அதில் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்.

கழுதை எங்கிருந்து வந்தது?

1915 ஏப்ரல் 25. துருக்கியின் கல்லிபோலி தீபகற்பத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து படைகள் விடியற்காலையில் தரையிறங்கின. கடற்கரையைத் தாண்டினால் செங்குத்தான மேடு. மேலே துருக்கிப் படை. தரையிறங்கிய முதல் நாளே காயம்பட்டவர்கள் குவிந்துவிட்டார்கள். அவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சரும் போதவில்லை, ஆளும் போதவில்லை.

அந்தக் கரையில் சில கழுதைகள் திரிந்தன. தண்ணீர் சுமக்கக் கொண்டுவரப்பட்டவை. அதில் ஒன்றைப் பிடித்தார் சிம்ப்சன். யோசனை ரொம்ப எளிமையானது. காலில் குண்டு பட்டவரால் நடக்க முடியாது, ஆனால் உட்கார முடியும். கழுதை மேல் உட்காரவைத்தால் ஒரே ஆள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். பலர் சேர்ந்து சுமக்க வேண்டிய ஸ்ட்ரெச்சர், நடக்கவும் உட்காரவும் முடியாதவர்களுக்கு மிச்சமாகும்.

இப்படித்தான் தொடங்கியது. ஷ்ராப்னெல் கல்லி, அதன் தொடர்ச்சியான மோனாஷ் பள்ளத்தாக்கு. இந்த இரண்டு மலை இடுக்குகள்தான் போர்முனைக்குப் போகும் முக்கிய வழி. மேட்டிலிருந்து மறைந்திருந்து சுடுபவர்கள் ஒருபக்கம், தலைக்கு மேலே வெடித்துச் சிதறும் குண்டுகள் இன்னொரு பக்கம். அந்தப் பாதையில் மேலே போகும்போது தண்ணீர், கீழே வரும்போது காயம்பட்டவர். பகலும் இரவும் இதே நடைதான்.

தனியாகக் கழுதையோடு சுற்றியவர் தன் பிரிவோடு ஒழுங்காக இருக்கவில்லை. விதிப்படி பார்த்தால் கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் வேலை நடப்பதைப் பார்த்த மேலதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

இந்திய வீரர்கள் வைத்த பெயர்

கழுதைக்குத் தீவனம் வேண்டுமே? அது கிடைத்தது இந்திய வீரர்களின் முகாமில். கல்லிபோலியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மலை பீரங்கிப் படைகளும் இருந்தன. பீரங்கிகளைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக் கொண்டுபோகும் படை அது. சீக்கியர்களும் பஞ்சாப் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். சிம்ப்சன் தன் கழுதையை அவர்கள் முகாமில் கட்டினார். அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே தூங்கினார். அவர்கள் இவரை ‘பகதூர்’ என்று அழைத்தார்கள். வீரன் என்று அர்த்தம். சிம்ப்சனுக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்த பட்டம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

மே 19 காலை

அன்று துருக்கிப் படை சுமார் 42 ஆயிரம் பேரோடு பெரும் தாக்குதல் நடத்தியது. அதில் துருக்கித் தரப்பில் மட்டும் சுமார் 3 ஆயிரம் பேர் இறந்தார்கள். அன்று காலையும் சிம்ப்சன் வழக்கம்போலப் பள்ளத்தாக்கில் ஏறினார். வழியில் எப்போதும் சாப்பிடும் இடத்தில் காலைச் சாப்பாடு தயாராகவில்லை, திரும்பி வரும்போது சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. காயம்பட்டவரோடு கீழே வரும்போது இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவருக்கு வயது 22.

மறுநாளே கர்னல் ஜான் மோனாஷ் அவரது சேவையைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அந்த 100 டாலர் நோட்டில் பெரிய படமாக இருப்பவர் இந்த மோனாஷ்தான்.

300 பேரைக் காப்பாற்றினாரா?

இங்கேதான் சிக்கல். இறந்த சில மாதங்களிலேயே சிம்ப்சன் கதையாகிவிட்டார். போருக்கு ஆள் சேர்க்கும் பிரசாரத்துக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டது. அம்மாவைப் பார்க்க ஊர் திரும்ப நினைத்தவர், பிரபுக்களைத் துடைத்தெறிய வேண்டும் என்று எழுதியவர், பேரரசுக்காக உயிர் கொடுத்த தியாகியாக மாற்றப்பட்டார். 300 பேரைக் காப்பாற்றினார், இரு தரப்புக்கும் நடுவே குண்டு பாயும் வெட்டவெளியில் புகுந்து தூக்கிவந்தார் என்றெல்லாம் எழுதப்பட்டது. இதற்கு அன்றைய ராணுவ ஆவணங்களில் ஆதாரம் இல்லை.

ஓவியத்திலேகூட குழப்பம். நியூசிலாந்து ஓவியர் ஹோரஸ் மூர்-ஜோன்ஸ் வரைந்த புகழ்பெற்ற ‘கழுதையுடன் மனிதன்’ ஓவியத்தில் இருப்பது சிம்ப்சனே இல்லை. நியூசிலாந்து மருத்துவப் படையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற பள்ளி ஆசிரியர். அவரும் கல்லிபோலியில் கழுதையை வைத்துக் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்தவர்தான். அவர் புகைப்படத்தை சிம்ப்சன் என்று நினைத்து ஓவியர் வரைந்துவிட்டார். பாவம், ஹெண்டர்சன் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

விருது ஏன் இல்லை?

சிம்ப்சனுக்குக் கிடைத்தது ராணுவ அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படும் கௌரவம் மட்டுமே. 1967-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து விக்டோரியா கிராஸ் கேட்டு முயற்சி நடந்தது, பிரிட்டன் மறுத்துவிட்டது. பிறகு ஆஸ்திரேலிய அரசே ஒரு தீர்ப்பாயத்திடம் இவர் உட்பட 13 பேரின் வழக்கைக் கொடுத்தது. 2013-ல் முடிவு வந்தது. சிம்ப்சன் துணிச்சல்காரர்தான், ஆனால் அவர் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய மற்றவர்களும் அதே அளவு துணிச்சலோடுதான் வேலை செய்தார்கள் என்றது தீர்ப்பாயம். அதனால் விருது இல்லை.

நிறைய பேருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அதே பள்ளத்தாக்கில் அதே குண்டுகளுக்கு நடுவே கழுதை இல்லாமல் தோளில் ஸ்ட்ரெச்சர் சுமந்தவர்களைப் பற்றி அரசு பேசிய அபூர்வமான தருணமும் அதுதான்.

சிம்ப்சனின் கல்லறை இன்றும் துருக்கியில், அன்சாக் கடற்கரையின் தெற்கு முனையில் உள்ள பீச் சிமெட்ரியில் இருக்கிறது. கழுதைக்கு டஃபி, மர்ஃபி, அப்துல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கழுதைகளை அவர் பயன்படுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 1997-ல் ஆஸ்திரேலியாவின் விலங்குகள் நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ, துணிச்சலான விலங்குகளுக்குத் தரும் பர்ப்பிள் கிராஸ் விருதை அறிவித்தது. அது மர்ஃபி என்ற பெயரில், அந்தக் கழுதைக்குக் கொடுக்கப்பட்டது.