பட்டணத்துக்குப் பூங்கா தந்த கவர்னர்

ஏரியூர்க்காரர் ஒருவர் மொரப்பூரில் ரெயிலேறிச் சென்னை சென்ட்ரலில் வந்து இறங்குகிறார். எதிரே மின்சார ரெயில் நிலையம். அதன் பெயர் "பூங்கா". சுற்றிலும் பார்க்கிறார். கட்டிடங்கள்தான் தெரிகின்றன. பூங்கா எங்கே?

அந்தப் பூங்காவை உண்டாக்கியவர் சர் சார்லஸ் டிரெவெலியன். 1807-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வாலிப வயதில் கம்பெனி உத்தியோகத்துக்கு இந்தியா வந்தார். மெக்காலே பிரபுவின் தங்கை ஹன்னாவை மணந்தார்.

பிறகு லண்டன் கஜானா இலாகாவில் பெரிய அதிகாரி. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, சுமார் 10 லட்சம் பேர் மாண்டது அப்போதுதான். நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்தார் என்று அந்நாட்டு மக்கள் அவரை இன்றும் மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்டவர்தான் 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தார்!

116 ஏக்கர்

இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு அப்போது கறுப்பர் பட்டணம் என்று பெயர். சந்துக்குச் சந்து நெருக்கமான வீடுகள். வெள்ளைக்காரர்களுக்குத் தோட்ட பங்களாக்கள் இருந்தன. ஏழை எளியவர்கள் மாலையில் காற்று வாங்க எங்கே போவார்கள்?

பட்டணத்துக்கு மேற்கே 116 ஏக்கரில் பூங்கா போடத் திட்டமிட்டார் டிரெவெலியன். குளங்கள் 11. நடைபாதைகள், பாண்டு வாத்திய மேடை எல்லாம் அமைந்தன. பெயரே "மக்கள் பூங்கா". பின்னால் மிருகக்காட்சி சாலையும் அங்கே வந்தது. அதை "உயிர் காலேஜ்" என்று சென்னைவாசிகள் அழைத்தார்கள். எழும்பூர் மியூசியம் "செத்த காலேஜ்"!

பதவி பறிபோனது

1860-ல் கல்கத்தா சர்க்கார் வருமான வரி போட்டது. "செலவைக் குறை, வரி வேண்டாம்" என்பது டிரெவெலியன் கட்சி. சும்மா இருந்தாரா? தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்தது. சென்னையில் அவர் இருந்தது சுமார் 15 மாதங்களே. பிறகு கல்கத்தாவில் நிதிப் பொறுப்பு வகித்து, 1886-ல் காலமானார்.

பூங்காவை மட்டும் யாரும் ஒரேயடியாக அழிக்கவில்லை. முதலில் விக்டோரியா மண்டபத்துக்குக் கொஞ்சம் இடம். 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டு அரங்கம். எல்லாம் ஊருக்கு வேண்டிய காரியங்கள்தான். அதனால்தான் யாரும் தடுக்கவில்லை போலும்!

1985-ல் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த நிலமாவது பூங்காவுக்குத் திரும்பியதா? இல்லை. ரெயில்வே எடுத்துக்கொண்டது. ரிப்பன் மாளிகைக்குப் பின்னே மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு மிஞ்சியிருக்கிறது.