அச்சுக்கோத்த கவிஞர் வால்ட் விட்மன்

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலருக்கென ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். யாரை எழுதுவது என்று எண்ணியபோது, நம் மாதக் கூட்டங்கள் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் தவறாமல் எழும் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது. முதல் தொகுதியை எவ்வாறு கொண்டுவருவது என்பதே அப்பேச்சு. கையெழுத்துப் படியுடன் பதிப்பகங்களின் படிகளில் ஏறி இறங்கியோர், வளையலை அடகு வைத்துத் தாள் வாங்கியோர், அச்சாகி வந்த கட்டுகளைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு நூலக ஆணைக்குக் காத்திருந்தோர் எனப் பலரும் நம்முள் உண்டு. இவ்வழியில் நமக்கு முன்னே நடந்து சென்ற ஒருவரே வால்ட் விட்மன்.

தமிழ்க் கவிதைக்கு அவர் அயலவர் அல்லர். பாரதி அவரைப் பற்றித் தமிழில் எழுதினார். தம்முடைய வசன கவிதை முயற்சிகளுக்கு விட்மனின் புல்லின் இதழ்கள் தூண்டுதலாக இருந்ததை ந. பிச்சமூர்த்தி மறைக்கவில்லை. யாப்பை உதறிய அந்தக் கவிதையைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் அந்நூல் எவ்வாறு அச்சேறிற்று, அச்சேறிய பின் என்ன ஆயிற்று என்பதை அவ்வளவாகப் பேசியதில்லை.

விட்மன் 1819 மே 31ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் வெஸ்ட் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தச்சர்; வீடு கட்டி விற்பவர்; கையில் காசு தங்காதவர். பிள்ளைகள் பலர் இருந்த குடும்பம். நான்கு வயதில் புருக்ளின் நகருக்கு வந்த சிறுவனின் பள்ளிப் படிப்பு பதினொரு வயதில் நின்றது. வழக்கறிஞர் ஒருவரிடம் எடுபிடி வேலை. பிறகு 1831இல் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் தொழில் பழகுநர். ஈய எழுத்துக்களை அறைகளிலிருந்து எடுத்து, கம்போஸிங் ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி, வரியை நெருக்கியும் தளர்த்தியும் சரிசெய்யும் கலையை அவர் கற்றது பன்னிரண்டு வயதில். சொல்லை முதலில் விரலால் அறிந்தவர் அவர் என்பேன்.

1835இல் நியூயார்க்கின் அச்சகப் பகுதியில் பெருந்தீ மூண்டு பலர் பிழைப்பிழந்தனர். விட்மனும் ஊர் திரும்பிக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியரானார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. 1838இல் ஒரு அச்சுப்பொறியும் எழுத்துக்களும் வாங்கி, லாங் ஐலண்டர் என்னும் வார இதழைத் தொடங்கினார். எழுதுவது, கோப்பது, அச்சிடுவது யாவும் அவரே. குதிரையேறி வீடு வீடாகக் கொண்டுசென்று கொடுத்தவரும் அவரே. சிற்றிதழ் நடத்திய அன்பர்கள் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சு விடுவர்.

பின்னர் பல பத்திரிகைகளில் வேலை. 1842இல் மதுவிலக்குப் பிரசாரமாக ஒரு நாவல் எழுதினார். ஒரு பத்திரிகையின் தனி வெளியீடாக மலிவு விலையில் வந்த அது சுமார் 20,000 படிகள் விற்றதாகச் சொல்வர். பிற்காலத்தில் அதைப் பற்றிப் பேசவே அவர் கூசினார். 1846 முதல் இரண்டாண்டு காலம் புருக்ளின் ஈகிள் நாளிதழின் ஆசிரியராக இருந்தார். புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் அடிமை முறை பரவலாகாது என்ற கொள்கையில் உறுதியாக நின்றதால் அவ்வேலையை இழந்தார். நியூ ஆர்லியன்ஸில் மூன்று மாதம் பணி, மீண்டும் புருக்ளின், சொந்தமாக ஒரு பத்திரிகை, முதல் இதழ் வெளிவந்த கையோடு அலுவலகம் தீக்கிரையானது. அதன்பின் தந்தையாரின் வழியில் வீடு கட்டும் தொழில் எனக் காலம் போயிற்று. இதற்கிடையே குறிப்பேடுகளில் ஏதோ ஒன்று வளர்ந்து வந்தது. எதுகையும் சீரும் பொருந்திய சாதாரணக் கவிதைகளைப் பத்திரிகைகளில் எழுதிவந்த அதே மனிதர், நீண்டு புரளும் வரிகளில் வேறொரு குரலைக் கண்டடைந்தார்.

1855 மே 15ஆம் நாள் நியூயார்க் மாவட்ட நீதிமன்றத்தில் நூலின் பெயரைப் பதிவு செய்து பதிப்புரிமை பெற்றார். அச்சிடும் பொறுப்பைப் புருக்ளினில் புல்டன் தெருவும் கிரான்பரி தெருவும் கூடும் மூலையில் அச்சகம் வைத்திருந்த ரோம் சகோதரர்களிடம் ஒப்படைத்தார். ஜேம்ஸ், ஆண்ட்ரூ என்னும் அவ்விருவரும் அவருடைய நண்பர்கள். சட்டப் படிவங்கள் அச்சிடுவதே அவர்களின் அன்றாடத் தொழில். இலக்கிய நூலுக்கும் அவர்களுக்கும் அதிகத் தொடர்பில்லை. அக்கோடையில் விட்மன் நாள்தோறும் அங்கே சென்று, மெய்ப்புத் திருத்தி, சுமார் பத்துப் பக்கங்களுக்குத் தம் கையாலேயே எழுத்துக் கோத்தார். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பொறியை நிறுத்தி வரிகளை மாற்றியதும் உண்டு.

வெளிவந்த நூல் அளவில் பெரியது, அகன்ற பக்கங்கள். படிவங்களுக்கான பெரிய தாளே அவ்வச்சகத்தில் கைவசம் இருந்ததால் நூலும் அவ்வளவில் அமைந்தது என்பது ஆய்வாளர் ஒருவரின் கருத்து. காரணம் எதுவாயினும், அந்த நீண்ட வரிகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. வழக்கமான பதிப்பாளர் ஒருவர் கைக்குப் போயிருந்தால் சிறிய பக்கத்துக்குள் மடித்து நெருக்கியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு கவிதைகள், தனித்தனித் தலைப்புகள் இல்லை. முன்னே இரட்டைப் பத்தியில் ஓர் உரைநடை முன்னுரை. முகப்புப் பக்கத்தில் நூலின் பெயரும் ஊரும் ஆண்டும் மட்டுமே. ஆசிரியர் பெயருமில்லை, பதிப்பாளர் பெயருமில்லை. எதிர்ப் பக்கத்தில், தொப்பி சாய்த்து, சட்டைக் கழுத்து திறந்து, இடுப்பில் கைவைத்து நிற்கும் ஓர் உழைப்பாளியின் செதுக்குப் படம். பதிப்புரிமைக் குறிப்பில் வால்டர் விட்மன் என்றிருக்கும். முதல் கவிதையின் நடுவில் ஓரிடத்தில் வால்ட் விட்மன் என்று கவிஞர் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வார். இரண்டையும் பொருத்திப் பார்ப்பவரே ஆளை அறிவர்.

அச்சானவை 795 படிகள். பச்சைத் துணிக் கட்டு. மேலே பொன்னெழுத்துக்களில் வேரும் இலையும் விட்ட தலைப்பு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கட்டுவிக்கப் பணமில்லை; முதலில் 200, மீதி பல தவணைகளில் அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை. பிந்திய கட்டுகளில் பொன் குறைந்துகொண்டே போனது. விலை முதலில் 2 டாலர். பிறகு அதுவும் இறங்கியது.

இதுவரை அவருக்குத் தெரிந்த தொழில். இதற்கு மேல்தான் தெரியாத உலகம். அச்சகத்திலிருந்து நூலை வெளியே கொண்டுவரும் வழி அவருக்குத் தெரியும். அதை வாசகன் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழி தெரியாது. விற்பனைக்கு முன்வந்தவர்களில் முக்கியமானோர் பவுலர் அண்டு வெல்ஸ் நிறுவனத்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் கூறும் கபால சாத்திர வணிகர்கள் அவர்கள். 1849இல் விட்மன் அங்கே சென்று தம் தலையைக் காட்டிப் பலன் எழுதி வாங்கியிருந்தார். அப்பலனைப் பிற்பாடு தம் நூலுக்கு விளம்பரமாகவும் பயன்படுத்தினார். ஜூலை முதல் வாரத்தில் நாளிதழில் விளம்பரம் வந்தது. ஜூலை 11ஆம் நாள், நெடுநாள் நோயுற்றிருந்த தந்தையார் காலமானார். தம்பி ஜார்ஜ் நூலைச் சற்றே புரட்டிவிட்டு, படிக்கத்தக்கதாக எண்ணாமல் வைத்துவிட்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வீட்டிலேயே வாசகன் இல்லை.

அந்நிலையில் வந்தது ஒரு கடிதம். அந்நாளைய அமெரிக்க அறிவுலகின் தலைமகன் எமர்சனுக்கு ஒரு படி அனுப்பப்பட்டிருந்தது. கான்கார்டு நகரிலிருந்து ஜூலை 21ஆம் தேதியிட்டு அவர் எழுதிய மறுமொழி, அறிமுகமில்லாத ஓர் எழுத்தாளனுக்கு ஒரு பெரியவர் தரக்கூடிய வாழ்த்துக்களிலெல்லாம் உயர்ந்தது. விட்மன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அக்டோபர் 10ஆம் நாள், எழுதியவரின் இசைவைப் பெறாமலே, அத்தனிக் கடிதம் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் முழுமையாக அச்சாயிற்று. தனித் தாளாகவும் அச்சிடப்பட்டு மதிப்புரையாளர்களுக்குப் போயிற்று, நூற்படிகளிலும் ஒட்டப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பில், கடிதத்தின் வாழ்த்து வாக்கியமொன்று எமர்சனின் பெயரோடு நூலின் முதுகில் பொன்னெழுத்துக்களில் பொறிக்கப்பட்டிருந்தது. நூலின் முடிவில் அக்கடிதமும், அவரை ஆசானே என விளித்து எழுதிய நீண்ட பதிலும்.

இத்துடன் நிற்கவில்லை. தம் நூலுக்குத் தாமே பெயரின்றி மதிப்புரைகள் மூன்று எழுதினார். அவற்றில் கவிஞரின் கம்பீரத் தோற்றத்தையும் புகழ்ந்துகொண்டார். எமர்சனுக்கு எழுதிய பதிலில், முதற்பதிப்பு ஆயிரம் படிகள் அச்சிட்டு எளிதில் விற்றுப்போயிற்று என்றார். முதுமையிலோ ஒரு படிகூட விற்றிருக்குமா என்று ஐயுற்றார். இரண்டும் உண்மையல்ல.

இச்செயல்களை எவ்வாறு மதிப்பிடுவது? அவரைப் போற்றும் ஆசிரியர்கள் பலர் இப்பகுதியை விரைந்து கடப்பர். வெறுப்போர் இதையே பிடித்துக்கொள்வர். எனக்கு இரு கட்சியிலும் சேர மனமில்லை. என் முதல் தொகுதியைப் படித்துவிட்டு மூத்த கவிஞர் ஒருவர் அஞ்சலட்டையில் நான்கு வரி எழுதியிருந்தார். அவரைக் கேளாமலே அதை இரண்டாம் தொகுதியின் பின்னட்டையில் அச்சிட்டவன் நான். அதன்பின் அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. ஆகவே விட்மன் செய்தது பிழை என்று சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. எழுநூற்றுச் சொச்சம் படிகள் முடங்கிக் கிடக்கையில், அக்கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைப்பது எவ்வளவு கடினம் என்பதையும் அறிவேன்.

எமர்சன் வருந்தியிருக்கலாம்; ஆனால் உறவை முறிக்கவில்லை. 1855 டிசம்பரிலேயே அவர் விட்மனை நேரில் கண்டார். 1860இல் பாஸ்டன் நகரத்து இளம் பதிப்பாளர்களான தேயர், எல்ட்ரிஜ் இருவரும் தாமாகவே எழுதிக் கேட்டு மூன்றாம் பதிப்பை வெளியிட முன்வந்தபோது, விட்மன் மெய்ப்புப் பார்க்க அங்கே சென்றார். நகரப் பூங்காவில் இரண்டு மணி நேரம் உலாவியபடி, உடலின்பம் பாடும் பகுதிகளை நீக்கினால் நூல் பரவும் என்று எமர்சன் வாதாடினார். அவருடைய வாதங்கள் ஒவ்வொன்றும் விட்மனுக்குச் சரியாகவே பட்டன. இருந்தும் நீக்கவில்லை. வாழ்த்தை விளம்பரமாக்கத் தயங்காதவர், அதே மனிதர் விற்பனைக்கு வழி சொன்னபோது ஒரு வரியையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இரண்டாம் பதிப்பின் பொன்னெழுத்துக்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதன்முறையாக வாய்த்த உண்மையான பதிப்பாளர்களும் நிலைக்கவில்லை. உள்நாட்டுப் போர் நெருங்க, 1861இன் தொடக்கத்தில் நிறுவனம் நொடித்தது. அச்சுத் தகடுகள் கைமாறி, ஆசிரியருக்குத் தெரியாமல் கள்ளப் பதிப்புகள் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. போர்க்கால மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்ததும், 1865இல் இந்நூலை எழுதியதற்காக உள்துறைச் செயலரால் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டதும், 1873இல் பக்கவாதம் தாக்கியதும் பலரும் அறிந்தவை. 1876இல் கேம்டன் நகரில் நோயாளியாக இருந்தபடி புதிய வெளியீட்டைத் தாமே விற்றார். வில்லியம் ரோசட்டி முதலிய இங்கிலாந்து நண்பர்கள் திரட்டிய ஆதரவால் முன்பணம் வந்தது. கையெழுத்திட்டு, பொதி கட்டி அனுப்பினார். குதிரை ஒன்றுதான் குறை.

1881இல் பாஸ்டனின் ஆஸ்குட் நிறுவனம் நூலை ஏற்றது. அடுத்த மார்ச்சிலேயே அரசு வழக்கறிஞர் ஆபாசம் எனக் குற்றம் சாட்டிச் சில பகுதிகளை நீக்கச் சொன்னார், விட்மன் மறுத்தார், நிறுவனம் பின்வாங்கியது. இம்முறை அவர் ஏமாறவில்லை. அச்சுத் தகடுகளைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, பிலடெல்பியாவில் வேறு பதிப்பாளரிடம் கொடுத்தார். தடையின் புகழால் நூல் விறுவிறுவென்று விற்றது. அவ்வருவாயில் கணிசமான பகுதியைக் கொண்டு 1884இல் கேம்டனின் மிக்கிள் தெருவில் 1750 டாலருக்கு ஒரு சிறு வீடு வாங்கினார். அறுபத்தைந்தாம் வயதில் வாய்த்த முதல் சொந்த வீடு. கவிதைத் தொகுதியின் வருவாய் என்று சொல்லிக்கொள்ளும்படியாக அவர் கண்டது அதுவே.

பன்னிரண்டு கவிதைகளோடு தொடங்கிய அதே நூலை முப்பத்தேழு ஆண்டுகள் விரித்தும் மாற்றியும் அடுக்கியும், 1892 மார்ச் 26ஆம் நாள் மறைந்தார். இறுதிப் பதிப்பில் ஏறத்தாழ நானூறு கவிதைகள் இருந்தன.

முதற்பதிப்பின் 795 படிகளில் 150க்கும் மேற்பட்டவை இன்றும் எங்கெங்கே உள்ளன என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். பொறியை நிறுத்தி நிறுத்தி அவர் செய்த திருத்தங்களாலும், தவணை தவணையாகக் கட்டப்பட்டதாலும், படிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ரோம் சகோதரர்களின் அச்சகம் இருந்த கட்டடம் 1960களில் நகரச் சீரமைப்பின்போது இடிக்கப்பட்டுவிட்டது.