வளைவுக்கு வளைந்த எஞ்சின்

திண்டுக்கல் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை சமவெளியை விட்டு விலகுவதில்லை. கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் உயர்ந்து நிற்க, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அது நீண்டு கிடக்கிறது. 1875ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைத்து மீட்டர் பாதை போடப்பட்டபோதும் இவ்வழியே அமைந்தது. கொடைக்கானல் செல்வோர் இன்றும் கொடை ரோடு நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாகவே மலையேறுகின்றனர். உதகை மலையில் ஏறிய இரயில் பழனி மலையில் ஏறவில்லை. இரும்புச் சக்கரத்தை மலைமேல் ஏற்றுவது அத்துணை அரிய செயலாக இருந்தது.

அவ்வருமையின் காரணம் எளியது. பெருஞ்சுமையை மேட்டில் இழுக்க வலிமையான எஞ்சின் வேண்டும். வலிமை மிகுந்தால் எடையும் மிகும். அவ்வெடையை மெல்லிய தண்டவாளங்கள் தாங்கவேண்டுமாயின் பல சக்கரங்களின்மீது அதைப் பரப்ப வேண்டும். சக்கரங்கள் பெருகப் பெருக எஞ்சின் நீளும். விறைத்த நீண்ட எஞ்சினோ மலைப்பாதையின் குறுகிய வளைவுகளில் திரும்பாது. நீலகிரியில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து ஏற்றத்தை வென்றனர். டார்ஜிலிங்கில் 610 மில்லிமீட்டர் அகலமே உடைய பாதையை வளையங்களாகவும் முன்பின் திருப்பங்களாகவும் சுற்றிச் சுற்றி ஏற்றினர். பாதையை மாற்றிய இவ்விரு வழிகளுக்கும் அப்பால், எஞ்சினின் உடலையே மாற்றும் வழியொன்றைக் கண்டவர் ஹெர்பர்ட் வில்லியம் காரெட்.

காரெட் 1864ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். பதினைந்து வயதளவில் வடக்கு இலண்டன் இரயில்வேயின் பணிமனையில் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் சண்டர்லாந்து நகரில் கப்பல் எஞ்சின்கள் செய்யும் தொழிலகத்தில் பணிபுரிந்தார். அதன்பின் அவர் வாழ்க்கை பெரும்பாலும் கடல் கடந்த நாடுகளிலேயே கழிந்தது. அர்ஜென்டினாவில் பல ஆண்டுகள் பணியாற்றி எஞ்சின் பிரிவின் கண்காணிப்பாளராக உயர்ந்தார். கியூபா, நைஜீரியாவின் லாகோஸ், பெரு ஆகிய இடங்களிலும் இரயில்வேப் பணி செய்தார். சிக்கனமாகப் போடப்பட்ட பாதைகள், வலுக்குறைந்த பாலங்கள், செங்குத்தான ஏற்றங்கள் என அந்நாடுகளில் அவர் கண்டவை இங்கிலாந்தின் செல்வச் செழிப்புமிக்க பாதைகளில் காணக் கிடைக்காதவை. நூலறிவு மட்டும் உடைய ஒருவருக்கு இச்சிக்கலின் கடுமை விளங்கியிருக்குமா என்பது ஐயமே.

தாயகம் திரும்பிய காரெட், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசு இரயில்வேக்காக இங்கிலாந்தில் செய்யப்படும் பொருள்களைச் சோதிக்கும் பொறியாளரானார். பெரும் பீரங்கிகளைச் சுமக்கும் நீண்ட இரயில் வண்டிகளைக் காண நேர்ந்தபோது அவருக்குப் புதிய எண்ணம் தோன்றியதாகக் கூறுவர். இரு முனைகளிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள், அவற்றின்மீது பாலம்போல் கிடக்கும் சுமை என்பது அவ்வண்டிகளின் அமைப்பு. சுமை இருக்கும் இடத்தில் கொதிகலனை வைத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

மடங்கும் எஞ்சினை எண்ணியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தனர். ஃபேர்லி என்பவர் இரு சக்கரத் தொகுதிகளுக்கு மேலே கொதிகலனை நிறுத்தினார். அதனால் நீருக்கும் நிலக்கரிக்கும் இடம் சுருங்கியது. மாலே என்பவரின் எஞ்சினில் முன்தொகுதி மட்டுமே திரும்பும். வளைவில் கொதிகலனின் முன்பகுதி வெளிப்புறமாகத் துருத்தி நிற்கும். காரெட்டோ இரு தொகுதிகளையும் நன்கு விலக்கி வைத்து, இடையில் சட்டகமொன்றைத் தொங்கவிட்டு, அதில் கொதிகலனை ஏற்றினார். கொதிகலனுக்குக் கீழே சக்கரங்கள் இல்லாமையால் அதைக் குட்டையாகவும் பருமனாகவும் செய்ய முடிந்தது. தீயறையை ஆழமாகவும் அகலமாகவும் அமைக்க முடிந்தது. நீர்த்தொட்டியும் நிலக்கரியும் இரு முனைகளிலும் உள்ள தொகுதிகளின்மேல் அமர்ந்தன. வளைவை ஒரு வில்லாகக் கொண்டால், கொதிகலன் அதன் நாணாகிறது. இரு முனைகளும் வளைவின்மீது நிற்க, நடுப்பகுதி உட்புறமாக நகர்கிறது. வளைவில் வண்டியை வெளியே தள்ள முயலும் விசைக்கு எதிராக எடை உள்ளே சாய்வதால், எஞ்சின் உறுதியாக நிற்கிறது. எடை நீண்ட தொலைவுக்குப் பரவுவதால் மெலிந்த பாலங்களும் அதைத் தாங்கின.

மான்செஸ்டர் நகரின் பேயர் பீகாக் நிறுவனம் அவ்வெண்ணத்தை ஏற்றது. நியூ சவுத் வேல்ஸுக்காக வரையப்பட்ட முதல் திட்டம் செயலாகவில்லை. அடுத்து, டாஸ்மேனியத் தீவின் சுரங்கப் பாதையொன்றுக்கு எஞ்சின் கேட்டனர். 610 மில்லிமீட்டர் அகலப் பாதை; வளைவுகளின் ஆரம் 30 மீட்டர்; 25 அடிக்கு ஓரடி ஏற்றம். 1909இல் அங்குச் சென்ற இரண்டு எஞ்சின்களே உலகின் முதல் காரெட் எஞ்சின்கள். கே1, கே2 என்பன அவற்றின் பெயர்கள். ஒருமுறை பயன்பட்ட நீராவியையே மீண்டும் பயன்படுத்தும் கூட்டு முறை வேண்டுமென்று டாஸ்மேனியர் வற்புறுத்தினர். அதற்காக உருளைகளைத் தொகுதிகளின் உட்புற முனைகளில் வைக்க நேர்ந்தது. பின்தொகுதியின் உருளைகள் ஓட்டுநர் நிற்கும் தளத்துக்கு நேர்கீழே அமைந்தன. பாவம், அவர் கால்களுக்கு ஓயாத வெப்பம்!

அக்குறை அடுத்த முயற்சியிலேயே நீங்கியது. 1911இல் அதே அகலமுடைய டார்ஜிலிங் பாதைக்கு ஒரு காரெட் எஞ்சின் வந்தது. அதில் கூட்டு முறை கைவிடப்பட்டு, உருளைகள் வெளிமுனைகளுக்கு மாற்றப்பட்டன. பிற்காலத்துக் காரெட் எஞ்சின்கள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றின. எனினும் டார்ஜிலிங்கில் அவ்வகையில் இரண்டாவது எஞ்சின் வாங்கப்படவில்லை. தனித்து நின்ற அந்த ஒன்றும் 1954இல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. 1999இல் அப்பாதை உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது பெருமையுடன் காட்ட அது எஞ்சியிருக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

1913ஆம் ஆண்டு செப்டம்பரில் காரெட் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49. அவர் எண்ணத்தில் உருவான எஞ்சின்கள் அன்று உலகில் மிகச் சிலவே. அவற்றின் காலம் அதன் பின்னரே தொடங்கியது. 1921இல் தென்னாப்பிரிக்காவின் மலைப்பாதையில் காரெட் எஞ்சினும் மாலே எஞ்சினும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. காரெட் எஞ்சினே விஞ்சியது. இந்தியாவில் வங்காள நாகபுரி இரயில்வே நிலக்கரி முதலிய பெருஞ்சுமைகளை இழுக்க 230 டன்னுக்கும் மிகுந்த எடையுள்ள காரெட் எஞ்சின்களை 1929 முதல் இயக்கியது. அவற்றுள் ஒன்று புதுதில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1955இல் கிழக்காப்பிரிக்கா பெற்ற எஞ்சின்களோ 250 டன் எடையுடையவை. அவை ஓடியது மீட்டர் பாதையில். திண்டுக்கல்லில் நம் முன்னோர் கண்ட அதே ஒரு மீட்டர் அகலத்தின்மீது அத்தனை பெரிய எஞ்சின் ஓடியதென்றால் காரெட் வகுத்த அமைப்பின் ஆற்றலை உணரலாம். உலகெங்கும் இவ்வகையில் 1,600க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் செய்யப்பட்டன.

முதற்பிள்ளையான கே1 மட்டும் வேறொரு வழியில் பயணம் செய்தது. சுரங்கப் பாதை மூடப்பட்டபின் கேட்பாரற்று நின்ற அதைப் பேயர் பீகாக் நிறுவனம் 1947இல் வாங்கி, கே2வின் உறுப்புகள் சிலவற்றையும் சேர்த்து மான்செஸ்டருக்குக் கொண்டுவந்தது. 1966இல் அந்நிறுவனமே மூடப்பட்டது. வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் இரயில்வே எஞ்சினை விலைக்கு வாங்கியது. ஆனால் அதன் சுரங்கவழிகளில் நுழைய முடியாத அளவுக்கு எஞ்சின் பெரிதாயிருந்தது. எனவே யார்க் நகர அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக நின்றது. 1995இல் அதை மீண்டும் வேல்ஸுக்குக் கொண்டுவந்து, ஆர்வலர்கள் உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் செப்பனிட்டனர்.

அவ்வேளையில் 1937இல் கைவிடப்பட்ட வெல்ஷ் ஹைலேண்டு இரயில்வேயும் அதே குறுகிய அகலத்தில் மீண்டும் உருப்பெற்று வந்தது. 40 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மலைப்பாதையில் ஓடத் தென்னாப்பிரிக்காவிலிருந்து காரெட் எஞ்சின்கள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் 143ஆம் எண்ணுடையது, 1958இல் மான்செஸ்டரில் பேயர் பீகாக் செய்த கடைசிக் காரெட் எஞ்சின். 2004இல் கே1இன் கொதிகலனில் மீண்டும் நீராவி எழுந்தது; அடுத்த சில ஆண்டுகளில் அது பயணிகளை ஏற்றிக்கொண்டு அப்பாதையில் ஓடியது. மான்செஸ்டர் செய்த முதல் காரெட் எஞ்சினும் கடைசிக் காரெட் எஞ்சினும் இவ்வாறு ஒரே தண்டவாளத்தின்மீது வந்து சேர்ந்தன. கே1இன் உருளைகளை எவரும் இடம் மாற்றவில்லை. அதன் ஓட்டுநரின் காலடியில் 1909ஆம் ஆண்டின் வெப்பம் அப்படியே இருந்தது.