மறந்துபோன யாழைத் தேடிய மயில்வாகனம்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வீதியால் தெற்கு நோக்கிச் சென்றால், சாய்ந்தமருதின் பள்ளிவாசல்களைக் கடந்ததும் காரைதீவு வரும். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. ஊர் நடுவே கண்ணகி அம்மன் கோவில். இக்கரையோரத்துக் கண்ணகி கோவில்களில் வைகாசி தோறும் கண்ணகியின் கதையைப் பாடிப் படிப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இந்த ஊரிலே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். பிற்காலத்தில் தமிழுலகம் அவரைச் சுவாமி விபுலானந்தர் என்று அறிந்தது.

இந்து சமயத் துறவி ஒருவரின் வாழ்க்கையை நம் குடும்பங்கள் ஏன் படிக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவரை உருவாக்கியதில் நம் குருக்களுக்கும் பங்குண்டு என்பது ஒரு காரணம். ஒரு மக்கள் தம் பழமையை எப்படித் தேடவேண்டும், தேடியதை எப்படிப் பிறர்க்கு அளிக்கவேண்டும் என்பதற்கு அவர் நல்ல முன்மாதிரி என்பது அதனினும் பெரிய காரணம்.

சிறுவன் மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் கற்றான். பின்னர் மட்டக்களப்புக்குச் சென்று, இயேசு சபைக் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் சேர்ந்தான். பொனெல் அடிகளாரின் பெயரோடு ஒன்றிப்போன கல்லூரி அது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவனுக்கு இருந்த ஆர்வம் அங்கே வளர்ந்தது. 1908இல், பதினாறு வயதிலேயே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினான். பின்பு அதே கல்லூரியில் ஆசிரியருமானார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானப் படிப்பும் முடித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக ஏற்றது. அயர்லாந்து நாட்டின் அப்போஸ்தலர் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அயர்லாந்துக் குருக்களும் அங்கே உழைத்துள்ளார்கள். அந்நாட்களில் அயர்லாந்து கொந்தளித்துக்கொண்டிருந்தது. முந்திய ஆண்டு, 1916இல், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாளான திங்கட்கிழமை, டப்ளின் நகரில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதை முன்னின்று நடத்திய பற்றிக் பியேர்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர், கவிஞர், தாய்மொழிக்காக உழைத்தவர். அழிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியைக் காக்க 1893இல் தொடங்கிய சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியராயும் இருந்தவர். பழைய மொழியையும் பழைய கதைகளையும் தேடிய மக்களே பின்னர் விடுதலையையும் தேடினார்கள்.

அந்த நாட்டின் சின்னம் எது தெரியுமா? வாள் அன்று, சிங்கமும் அன்று. ஒரு யாழ். 1922இல் அமைந்த சுதந்திர அரசு, டப்ளின் திரித்துவக் கல்லூரியில் காக்கப்பட்ட பழைய யாழொன்றின் உருவத்தையே தன் இலச்சினையாகக் கொண்டது. அந்த யாழிசையும் ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்திருந்தது. 1792இல், அதாவது நம் மயில்வாகனம் பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், பெல்பாஸ்ட் நகரில் எஞ்சியிருந்த யாழ்ப்புலவர்களைக் கூட்டினார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ பத்துப் பேர். பலர் முதியோர், சிலர் கண்பார்வை இழந்தோர். எட்வேர்ட் பண்டிங் என்ற 19 வயது இளைஞர் அருகிருந்து அவர்கள் மீட்டிய இசையை ஏட்டில் எழுதிக்கொண்டார். அவர் அன்று எழுதியிராவிட்டால் அந்த இசையில் பெரும்பகுதி அவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

தமிழரின் யாழுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. வீணை வந்து நிலைத்தபின் யாழ் வழக்கொழிந்தது. மீட்டத் தெரிந்த ஒருவர்கூட எஞ்சவில்லை. பெயர்கள் மட்டும் நூல்களில் இருந்தன. 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என்று உரையாசிரியர்கள் சொல்லிப் போந்தார்கள். கருவியைக் கண்டவர் இல்லை, ஓசையைக் கேட்டவர் இல்லை.

இதைத் தேடும் பணி எப்படி அவர் கைக்கு வந்தது என்று பார்ப்போம். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த மயில்வாகனனார், 1922இல் அனைத்தையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் விபுலானந்தர் என்ற துறவுப் பெயர் பெற்றார். ஊர் திரும்பியபின் கிழக்கிலும் வடக்கிலும் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அக்காலத்தில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் பழைய உரையிலும் இசைபற்றி வரும் பகுதிகள் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டன. சிறுவயதில் ஊர்க் கோவிலில் கேட்ட கண்ணகியின் கதை, இப்போது இசை நூலாக அவர்முன் விரிந்தது.

பண்டிதர் பலர் அப்பகுதிகளைப் படித்திருந்தார்கள். ஆயினும் தமிழும் கணிதமும் பௌதிகமும் ஒருங்கே கற்றவர் அரியர். ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரல் என்னும் முதற் சுரத்துக்கு ஐந்தாவதான இளி பிறக்கும் என்பது கணக்கு. இத்தகைய கணக்கைக் கொண்டு ஏழிசைகளின் நிலைகளை ஒவ்வொன்றாக அளந்தார். பழைய பாலைகளும் பண்களும் எப்படி அமைந்தன என்று கண்டார். தேவாரப் பண்களோடு ஒப்புநோக்கினார். பழைய சிற்பங்களில் யாழின் வடிவத்தைத் தேடினார். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதுபற்றிச் சொற்பொழிவாற்றினார். இமயமலையில் மடத்தின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராயிருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும் இப்பணி அவரை விடவில்லை. ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனே யாழ்நூல்.

1947 ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அந்நூல் அரங்கேறியது. அதை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அவர் கண்ட முறைப்படி செய்வித்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். இசைவாணர் க. பொ. சிவானந்தம்பிள்ளை அவற்றை மீட்டினார். பல நூற்றாண்டுகளாக ஏட்டில் உறங்கிய ஓசையைப் பொதுமக்கள் காதாரக் கேட்டார்கள். உடல் நலிந்து தளர்ந்திருந்த அடிகளாருக்கு அதன்பின் நாள்கள் அதிகம் இருக்கவில்லை. ஆறு கிழமைகள் கழித்து, ஜூலை 19இல், கொழும்பில் அவர் இறையடி சேர்ந்தார். அவரது உடல் கல்லடியில், தாம் கட்டிய வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டது.

கற்றறிந்ததைத் தமக்குள் பூட்டிவைக்காதவர் அவர். சமயத்தால் பிறரை விலக்கவுமில்லை. 1942இல் கல்முனையில் அரசாங்க உதவி அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவருக்கு நண்பரானார். முஸ்லிம் மக்களின் கல்விக்காகப் பின்னாளில் பெரும்பணி ஆற்றியவர் அவர். மெதடிஸ்தரிடமும் இயேசு சபையாரிடமும் கற்று, இந்துத் துறவியாகி, முஸ்லிம் நண்பரோடு தமிழ் பேசி வாழ்ந்த ஒருவரை நம் கரையோரம் ஈன்றது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே 1947இல் அயர்லாந்து அரசு ஓர் அலுவலகம் அமைத்தது. விடுதலைப் போரில் பங்குகொண்டவர்கள் மூப்படைந்துவிட்டார்கள், அவர்கள் இறக்குமுன் கேட்டு எழுதவேண்டும் என்பதே அதன் நோக்கம். பத்து ஆண்டுகளில் 1,773 பேரின் வாக்குமூலங்கள் சேர்ந்தன. 2003இல் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. ஏடுகளை நம்பியிருக்க முடியாது என்பதை அந்நாடு கண்ணீரோடு கற்றிருந்தது. 1922இல் மூண்ட உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் களஞ்சியம் எரிந்து, பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு அந்தத் துயரத்தை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி மருதமுனை முதல் காரைதீவுக்கு அப்பாலும் வீடுகளை அள்ளிச் சென்றபோது, உயிர்களோடு எத்தனை படங்கள், எத்தனை கடிதங்கள், எத்தனை குடும்ப ஏடுகள் போயின!

ஆகவே, அன்புள்ள வாசகர்களே, இன்று மாலை செபமாலை முடிந்தபின் உங்கள் அம்மம்மாவின் அருகில் அமருங்கள். அவருக்குத் தெரிந்த தாலாட்டைக் கேளுங்கள், ஊர்க்கோவில் கட்டிய கதையைக் கேளுங்கள், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அயல்வீட்டு முஸ்லிம் மூதாட்டிக்கும் வயற்கவிகள் தெரிந்திருக்கும். அவற்றையும் கேட்டு எழுதுங்கள். மீட்டுவாரே இல்லாத யாழைத் தேட விபுலானந்த அடிகளுக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. நம் வீட்டில் பாடுவார் இன்னும் இருக்கிறார். நமக்கு வேண்டியது ஒரு மாலைப்பொழுது மாத்திரமே.