யூஜேன் அட்ஜே

பாரிஸ் மாநகரைப் படமெடுத்தோர் பலர். அவருள், அந்நகரின் கதவுகளையும் படிக்கட்டுகளையும் கடை முகப்புகளையும் தம் வாழ்நாட் பணிக்குரிய பொருளாகக் கொண்டவர் யூஜேன் அட்ஜே என்பார். அன்னாரது வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1857-ஆம் ஆண்டில், தென்மேற்குப் பிரான்சிலுள்ள லிபூர்ன் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து உறவினரால் வளர்க்கப்பட்டார். சிலகாலம் கப்பலில் ஊழியஞ் செய்தார். பின்னர் நாடகத்தில் நாட்டம் மிகுந்து நடிகரானார். ஆயின், சிறு வேடங்களேயன்றிப் பெரும்பேறு ஒன்றும் வாய்த்திலது. முப்பது வயதளவில் நாடக மேடையை விடுத்துக் காமிராவைக் கைக்கொண்டார். ஓவியர்க்குப் பயன்படும் மாதிரிப் படங்களை எடுத்து விற்பதே அவரது பிழைப்பாயிற்று.

அக்காலத்துப் பாரிஸ் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் ஓஸ்மான் என்பவர் பழந் தெருக்கள் பலவற்றை இடித்து அகன்ற சாலைகளை வகுத்தார். அவர்க்குப் பின்னும் இடிப்பு ஓய்ந்திலது. எஞ்சிய வீடுகள் மறையுமுன் அவற்றின் உருவையேனும் காத்தல் வேண்டுமென அட்ஜே உறுதி பூண்டார்.

பெரிய மரக் காமிராவையும் முக்காலியையும் கனத்த கண்ணாடித் தகடுகளையும் சுமந்து, பெரும்பாலும் விடியற்காலையிற் புறப்படுவார். ஒவ்வொரு படத்திற்கும் நெடுநேரம் ஒளி படவேண்டியிருந்தமையின், வழிச்செல்வோர் சிலர் ஆவிபோல் மங்கித் தோன்றுவர்; சிலர் தோன்றாமலே மறைவர். ஆளற்ற தெருவின் வளைவு, கதவிலுள்ள இரும்பு வேலைப்பாடு, சுழன்றேறும் படிக்கட்டு, எதிர்வீதி நிழலாடும் கடைக் கண்ணாடி, மண்ணைப் பற்றி நிற்கும் மரவேர் ஆகியவை அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வருவன. மாளிகைகளோடு நில்லாது, நகர்ப்புறத்துக் குடிசைகளில் வாழ்ந்த கந்தை பொறுக்குவோரையும் படமெடுத்தார். ஒருமுறை எடுத்த இடத்திற்கே பல்லாண்டு கழித்தும் செல்வார். சலிப்பின்றிக் கண்டதையே காணும் இவ்வியல்பே அவரது சிறப்பென்று யாம் கருதுகின்றோம்.

முதல் உலகப் போருக்குப்பின் முதுமை அணுகிற்று, மக்கட்பேறும் இல்லை. தம் தகடுகள் அருமையறியார் கையிற்பட்டு அழியுமோ என்னும் கவலை அவரை வருத்திற்று. 1920-இல் அரசினர்க்கு எழுதி, இரண்டாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட தகடுகளைப் பத்தாயிரம் பிராங்குக்கு விற்றார். அதன்பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். 1925-இல், பராமரிப்பின்றிக் கிடந்த ஸோ பூங்காவிற்குப் பலமுறை சென்று, அதன் குளங்களையும் சிலைகளையும் படமெடுத்தார். மறு ஆண்டில் நெடுநாளைய வாழ்க்கைத் துணைவி இறந்தார். அதே ஆண்டில் புதுமைக் கலைஞர் தம் இதழொன்றில் அவர் படங்களை வெளியிட விழைந்தபோது, தம் பெயரைக் குறிக்கவேண்டா என்றார். தாம் எடுத்தவை வெறும் சான்றுகளே என்பது அவர் துணிபு.

1927-இல் பெரெனிஸ் அபட் என்னும் அமெரிக்க மங்கை அவரைப் படமெடுத்தார். அதனைக் காட்டுதற்கு அம்மங்கையார் வந்தபோது அட்ஜே உயிருடன் இல்லை; அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் மறைந்துவிட்டார். எஞ்சிய தகடுகளும் படங்களும் சிதறிப்போகாவண்ணம் அபட் முயன்று வாங்கி நாற்பதாண்டு காத்தார். 1968-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலை அவற்றைப் பெற்றுக்கொண்டது.

அவர் படமெடுத்த வீடுகள் பல இன்று இல்லை. அவற்றின் வாயில் எங்ஙனம் இருந்ததென்று அறிய விழைவோர் அவர் படங்களையே நாடுகின்றனர். அவர் அஞ்சிய அழிவு அவர் தகடுகளுக்கு நேர்ந்திலது.